ஒண்ணாம் நம்பர்

மே 12
சத்திரம் பேருந்து நிலையத்தில் விளக்குப் போட்டதும் வண்டிப் பலகை எழுத்தெல்லாம் நூல் பிரிந்தது போலக் கலைந்துவிடுகிறது. இன்று லால்குடி வண்டியில் ஏறிவிட்டு இறங்கினேன். முப்பது வருஷம் ஒண்ணாம் நம்பரில் ஸ்ரீரங்கம் போய்வந்தவள் நான். வலது கண்ணில் வளர்ந்த சதையைப் போன வருஷம் அறுத்தெடுத்தார்கள். அது படர்ந்திருந்த இடத்தில், கருவிழி மேல் வெள்ளையாகத் தழும்பு நின்றுவிட்டது. ஊர்ப் பேச்சில், பூ விழுந்த கண்.

மே 15
புது மருத்துவர் கருவிழியை ஸ்கேன் எடுத்துத் திரையில் காட்டினார். அதன் மொத்தத் தடிமனே அரை மில்லிமீட்டர் சொச்சம்தான். மேல் மூன்றில் ஒரு பங்குக்குள் தழும்பு நின்றால் லேசரால் சீவலாம். அதற்கும் கீழே இறங்கியிருந்தால் பெரும்பாலும் தானமாகக் கிடைக்கும் கருவிழியை வைத்துத் தைக்க வேண்டியிருக்கும். எனக்கு 70 மைக்ரான், லேசர் போதும். எட்டு மாதம் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு காத்திருந்தேனே, ஆழம் எவ்வளவு என்று கேட்கத் தோன்றவில்லையே! கண்ணில் தழும்பு உள்ள யாரைப் பார்த்தாலும் இதைத்தான் முதலில் சொல்லப் போகிறேன்.

மே 22
"அந்த விளக்கையே பாருங்கம்மா, கண்ணை அசைக்காதீங்க." மரத்துப்போன கண்ணுக்கு மேல் டக் டக்கென்று ஒரு சத்தம். முடி கருகுகிற வாடை. ஆனால் இது சுடுகிற ஒளி இல்லையாம். 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிர், திசுவின் மூலக்கூறுகளைக் கட்டறுத்து ஆவியாக்குகிறது. ஒரு துடிப்புக்குக் கால் மைக்ரான் அளவே போகும். 1981இல் அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆய்வகத்தில், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின் மேல் இந்தக் கதிரைச் செலுத்திப் பார்த்தவர் ரங்கசாமி சீனிவாசன். சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். சுற்றிலும் கருகாமல், கத்தியால் கீறியதைவிடச் சுத்தமாக வெட்டு விழுந்திருந்தது. அந்த வெட்டுத்தான் இன்று என் கண் வரை வந்திருக்கிறது. நன்றியோடு எழுதிவைக்கிறேன்.

மே 23
கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்ட மாதிரி. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

மே 26
மேல்தோல் மூடிவிட்டது. கட்டுக்குப் பதில் வைத்திருந்த லென்ஸை எடுத்தார்கள்.

ஜூலை 3
கண்ணாடிப் பவர் மாறிவிட்டது, முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். தழும்பும் முழுக்கப் போகவில்லை, மெல்லிய புகையாக இருக்கிறது. ஆனால் சாயங்காலம் நிலையத்தில் வண்டி திரும்பும்போதே '1' தெரிந்தது. நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன்.

பூக்காரப் பெண் பதறி, "என்ன டீச்சர்?" என்றாள். சொன்னேன். கட்டிக்கொண்டிருந்த மல்லிகைச் சரத்தை மடியில் வைத்தாள்.

"எங்கம்மாவுக்கும் ஒரு கண்ணுல பூ, டீச்சர். பத்து வருஷமாச்சு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னு விட்டுட்டோம்."

"எவ்வளவு ஆழம்னு பார்த்தாங்களா?"

"அப்படியெல்லாம் பார்ப்பாங்களா?"

வியாழக்கிழமை அம்மாவை லால்குடியிலிருந்து காலை முதல் வண்டியில் வரச் சொல்லியிருக்கிறாள். நானும் கூடப் போகிறேன்.