எடிட் பண்ணாத சூரியன்

கொழுக்குமலை சூரியோதயப் படத்தை யார் பாராட்டினாலும் நான் சொல்லிவந்தது ஒரே பதில்தான்: “எடிட் எதுவும் பண்ணலைங்க, கேமராவுல வந்தது அப்படியே.” அது பொய். வாய்தவறி வந்த பொய் என்றுகூடச் சொல்ல முடியாது. கேட்காதவர்களிடமும் வலியப் போய்ச் சொல்லியிருக்கிறேன்.

படத்தில் போடிப் பக்கத்துச் சமவெளியை மூடிக் கிடக்கும் மேகம், அதன் விளிம்பில் சூரியன், முன்னால் தேயிலைச் சரிவு. செடிகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். வில்லங்கம் அந்தச் செடிகளில்தான். சூரியநெல்லியிலிருந்து இருட்டில் ஜீப்பில் இடுப்பொடிய ஏறி, 7,000 அடிக்கு மேல் நின்று, எழும் சூரியனை நேருக்கு நேர் பார்க்கிற கண்ணுக்கு முன்சரிவு கருத்துத்தான் தெரியும். கேமராவும் அப்படித்தான் எடுத்திருந்தது. வீட்டுக்கு வந்து செடி செடியாக வெளிச்சம் போட்டது நான்.

போட்டது டார்க்டேபிளில். 2009 முதல் தன்னார்வலர்கள் எழுதிவரும் இலவச மென்பொருள். ஓசியில் கிடைத்தது அவ்வளவுதான் செய்யும் என்று பழியை அதன் தலையில் கட்ட வழியில்லை. இந்த மாதிரிப் படத்துக்கு வேண்டிய ஃபில்மிக் ஆர்ஜிபி, டோன் ஈக்வலைசர் இரண்டும் 2019 டிசம்பரில் வந்த 3.0 பதிப்பிலிருந்தே அதில் இருக்கின்றன. முதலாவது, சூரியனிலிருந்து நிழல் வரையுள்ள வெளிச்ச வீச்சைத் திரையில் அடங்கும்படி சுருக்கித் தரும். இரண்டாவதில், இன்ன அளவுக்குக் கீழே இருக்கிற இருட்டை மட்டும் ஏற்று என்று தனியாகச் சொல்லலாம். ஒரு ஸ்டாப் ஏற்றினால் வெளிச்சம் இரண்டு மடங்கு. இந்தப் படத்துக்கு அதுவே தாராளம். நான் இரண்டு வைத்தேன். அந்த ஸ்லைடர் அதற்கு மேல் போகாது. எழுதியவர்கள் காரணத்தோடுதான் அங்கே நிறுத்தியிருப்பார்கள். நான் என்ன செய்தேன் என்றால், அதே மாட்யூலை இன்னொரு தடவை சேர்த்து அதிலும் ஏற்றினேன். அப்புறம் மூன்றாவதாகவும் ஒன்று.

விளைவு தெரியாமல் செய்ததாகச் சொல்ல முடியாது. கேமரா பக்குவம் செய்யாமல் எழுதும் 14 பிட் ரா கோப்பில் 16,384 வெளிச்சப் படிகள். அதில் பாதியை, அதாவது 8,192 படிகளை, மிகப் பிரகாசமான ஒரு ஸ்டாப்பே எடுத்துக்கொள்ளும். அடுத்த ஸ்டாப்புக்கு 4,096. இப்படிப் பாதி பாதியாகக் குறைந்து எட்டாவது ஸ்டாப்புக்கு வரும்போது மிஞ்சுவது 64. என் தேயிலைச் சரிவு கிடந்தது அந்த ஆழத்தில். அங்கிருந்து இழுத்து மேலே கொண்டுவந்தால் இலையோடு புள்ளிகளும் வரும், கருமையில் ஊதா ஏறும். இரண்டும் வந்தன. நாய்ஸ் குறைக்கும் மாட்யூலைப் போட்டுத் தேய்த்தேன், இலைகள் மெழுகில் செய்தவைபோல் ஆயின. மலை முகடு வானத்தைத் தொடும் ஓரம் நெடுக மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று விழுந்தது. மாஸ்க் சரியாக அமையாதபோது வரும் ஹேலோ. விஷயம் தெரிந்தவர்களுக்கு அந்தக் கோடு ஒன்றே போதும். பார்த்தேன். போன் திரையில் தெரியாது என்று விட்டுவிட்டேன்.

நேர்வழி இல்லாமலும் இல்லை. மூன்று எக்ஸ்போஷர் எடுத்து என்ஃபியூஸில் சேர்த்திருக்கலாம், அதுவும் இலவசம்தான். ட்ரைபாட் ஜீப்பின் பின்சீட்டில் கிடந்தது. குளிரில் இறங்கிப் போய் எடுக்கச் சோம்பல்.

எடிட் செய்வதில் குற்றம் ஏதுமில்லை. ரா கோப்பைப் பக்குவம் செய்யாமல் பார்க்கவே முடியாது. ஜேபெக்கில் எடுத்தாலும் கேமரா தன் பங்குக்கு நிறத்தையும் கான்ட்ராஸ்டையும் கூட்டித்தான் தருகிறது. இதைப் பலருக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன். பிறகு எதற்குப் பொய்? விடிவதற்கு முன் எழுந்து மலை ஏறியவனுக்கு ஒரு மரியாதை உண்டு. நாற்காலியில் சாய்ந்து ஸ்லைடர் நகர்த்தியவனுக்கு அது கிடைப்பதில்லை. படத்தில் மலை ஏறியவன் செய்தது கால்வாசிகூட இல்லை. ஆனாலும் அவனுடைய மரியாதை முழுசாக எனக்கு வேண்டியிருந்தது.

கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவன் இந்தப் படத்தை ஃப்ரேம் போட்டு வீட்டில் மாட்ட வேண்டும் என்று முழு அளவுக் கோப்பைக் கேட்டான். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடுமே என்று டாக்குமென்ட்டாக அனுப்பினேன். படமாகவே அனுப்பியிருந்தால் தப்பித்திருப்பேன், உள்ளே இருக்கும் மெட்டாடேட்டா உதிர்ந்துபோயிருக்கும். டாக்குமென்ட் உள்ளது உள்ளபடி போய்ச் சேரும். டார்க்டேபிளோ, நாம் தடுக்காதவரை, செய்த திருத்தங்கள் அத்தனையையும் ஏற்றுமதி செய்கிற ஜேபெக்குக்குள்ளேயே வரிசையாக எழுதிவைத்துவிடுகிறது. திருத்தங்களைத் தனியாகக் குறித்துவைக்கும் எக்ஸ்எம்பி கோப்பு தொலைந்துபோனாலும் ரா கோப்பும் அந்த ஜேபெக்கும் இருந்தால் வேலையை மீட்டுக்கொள்ளலாம். யோக்கியர்களுக்கு அருமையான ஏற்பாடு.

மதியச் சாப்பாட்டின்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “அண்ணே, இதுல டோன் ஈக்வலைசர் மூணு தடவ இருக்குதே? எடிட்டே பண்ணலைன்னீங்க?”

குரலில் குத்தல் இல்லை. அவனும் டார்க்டேபிள் பழகிக்கொண்டிருந்தான். எதற்கு மூன்று என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். குத்திக் கேட்டிருந்தால் கோபப்பட்டாவது சமாளித்திருப்பேன்.

“அதெல்லாம் தானா சேந்துக்கும்ப்பா” என்றேன். ரா கோப்பைத் திறந்ததும் எக்ஸ்போஷரும் ஃபில்மிக்கும் தானாகச் சேர்ந்துகொள்வது உண்டு. அந்த அரை உண்மையைப் பிடித்துக்கொண்டேன். டோன் ஈக்வலைசர் தானாகச் சேராது. மூன்று தடவை சேரவே சேராது. அது அவனுக்கும் தெரியும். “சரிண்ணே” என்று டிபன் பாக்ஸைத் திறந்தான். ஃப்ரேம் போட்டானா என்று நான் இதுவரை கேட்கவில்லை.

அன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் டார்க்டேபிளைத் திறந்தேன். கொழுக்குமலைப் படத்தைத் தொடவில்லை. ஏற்றுமதி அமைப்புக்குள் போய், ‘டெவலப் ஹிஸ்டரி’ என்ற இடத்தில் இருந்த டிக்கை எடுத்துவிட்டேன். அதற்கப்புறம் போட்ட தனுஷ்கோடி சூரியோதயத்தை யார் பிரித்துப் பார்த்தாலும் திருத்தம் ஒன்றும் அகப்படாது.