எல் சைஸில் 200 பீஸ்

ஜூன் 3, செவ்வாய்

மதியம் மெர்ச்சண்டைசரிடமிருந்து போன். "நேவிக்கு மட்டும் எல் சைஸ்ல 200 பீஸ் கூட வேணுங்க. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்." எங்கள் மாங்கோடிபியில் ஒரு ஆர்டர் என்பது ஒரே டாக்குமெண்ட். உள்ளே வரிகளுக்கு ஒரு அரே. ஒவ்வொரு வரியிலும் ஸ்டைல், கலர், நிலை. வரிக்குள் சைஸ்களுக்கு இன்னொரு அரே.

சைஸில் கை வைக்கும் முன், வரியின் நிலையை மாற்றும் பழைய கோடைப் பார்த்தேன். டாலர் குறி, தேடலில் பொருந்திய உறுப்பை மாற்றும். ஆனால் கலர் நேவி, நிலை டையிங் என்று நிபந்தனைகள் தனித்தனியே நிற்கின்றன. ஒரு வரி நேவியாக இருந்து வேறொரு வரி டையிங்கில் இருந்தாலும் டாக்குமெண்ட் பொருந்திவிடும். பிறகு டாலர் எந்த வரியில் விழும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இரண்டையும் எலெம்மேட்ச்சுக்குள் சேர்த்துக் கட்டினேன்.

ஜூன் 4, புதன்

நேவி இரண்டு வரிகளில் வருகிறது: ரவுண்ட் நெக், போலோ. டாலர் முதலில் அகப்பட்டதோடு நின்றுவிடும். டாலருக்குப் பின் வெறும் சதுர அடைப்பு போட்டால் வெள்ளை உட்பட எல்லா வரியும் மாறும். அடைப்புக்குள் ஒரு பெயர் வைத்து, அதற்கான நிபந்தனையை அரேஃபில்டர்ஸில் சொல்வதுதான் வழி. அந்தப் பெயர் ஆங்கிலச் சிறிய எழுத்தில்தான் தொடங்க வேண்டுமாம்.

ஜூன் 6, வெள்ளி

இன்று சைஸ். டாலர் ஒரு அரேயைத்தான் தாண்டும், அதற்குள் இருக்கும் அரேக்குப் போகாது. 2010-லேயே பயனர்கள் இதைக் கேட்டுப் பதிவு செய்தார்கள். தீர்வு வந்தது 2017-ல் வெளியான 3.6 பதிப்பில். ஏழு வருடம்! அதுவரை பலரும் முழு டாக்குமெண்டையும் எடுத்து, கோடில் திருத்தி, திரும்ப எழுதினார்கள். நடுவில் இன்னொருவர் அதே ஆர்டரைத் தொட்டிருந்தால் அவர் வேலை காணாமல் போகும். சைஸைத் திருத்த எனக்கு அது வேண்டவே வேண்டாம்.

வரிக்கு ஒரு பெயர், சைஸுக்கு ஒரு பெயர், இரண்டு ஃபில்டர். எண்ணிக்கையில் இன்க் 200. ஒரே டாக்குமெண்டுக்குள் நடப்பதால் மாற்றம் பாதியில் நிற்காது.

ஃபில்டருக்கு எந்த உறுப்பும் சிக்காவிட்டால் பிழை வராது. பொருந்தியது 1, மாறியது 0 என்று சாதுவாகப் பதில் வரும். பொருந்தியதை மட்டும் பார்த்து 'வெற்றி' என்று திரையில் காட்டுகிற கோடை நான் நம்பமாட்டேன்.

ஜூன் 9, திங்கள்

குழுவில் விவாதம். மூன்றாவது வரி என்று இடத்தைச் சொல்லி மாற்றலாமே என்றார் தம்பி ஒருவர். மேலே ஒரு வரியை யாராவது புல் செய்து நீக்கினால் நான்காவது மூன்றாவதாகிவிடும். நாம் கலரையே மாற்றி எழுதியிருப்போம். வரி ஒவ்வொன்றுக்கும் தனி ஐடி கொடுப்பதாக முடிவு. இனி ஃபில்டர் தேடுவது அதைத்தான்.

தினசரி கட்டிங் பதிவுகளும் ஆர்டருக்குள்ளேயே புஷ் ஆகின்றன. டாக்குமெண்டுக்கு உச்ச அளவு 16 எம்பி. நாங்கள் அதன் அருகில்கூட இல்லை. ஆனாலும் முடிவில்லாமல் வளர்வது ஆர்டருக்குள் இருக்கக் கூடாது என்பது என் கட்சி. சைஸ்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கும், அவை இருக்கட்டும். கட்டிங்குக்குத் தனி கலெக்ஷன். ஆர்டரில் ஸ்லைஸ் போட்டு கடைசி 20 பதிவு மட்டும். பழைய பதிவுகளை நகர்த்தும் ஸ்கிரிப்டை நாளை டெஸ்ட் சர்வரில் ஓட்டவேண்டும்.