குப்பி விளக்கில் ஒரு கோட்டை

டிசம்பர் 9
கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் தண்ணீர். கல்முனைக்குப் போக வழியில்லை. மத்தியானத்தோடு கரண்டும் போய்விட்டது. அலுமாரியைக் கிண்டியபோது மாமா கட்டாரிலிருந்து கொண்டுவந்த பழைய கேம்போய் அட்வான்ஸ் அகப்பட்டது; உள்ளே 2001இல் வந்த ‘காசில்வேனியா: சர்க்கிள் ஒஃப் த மூன்’. டோச்சிலிருந்து இரண்டு பற்றரியைக் கழற்றிப் போட்டேன். உயிர் வந்தது.

உயிர் வந்ததே தவிர, ஒன்றும் தெரியவில்லை. இந்தத் திரைக்குள் விளக்கு இல்லை; வெளியிலிருந்து விழும் ஒளியில்தான் படம் தெரியும். விளையாட்டோ முழுக்க முழுக்க இருட்டுக் கோட்டை. இதைச் செய்த கொனாமிக்காரர் எந்த வெயிலில் வைத்துச் சரிபார்த்தார்களோ! குப்பி விளக்கைக் கொளுத்தித் திரையை அதன் பக்கம் சரித்தேன். சுடர் ஆடும்போதெல்லாம் கோட்டைச் சுவரும் ஆடியது.

தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே நாயகன் நாதன் கிரேவ்ஸைப் பள்ளத்துக்குள் விழுத்திவிடுகிறான் டிராகுலா. விழ முன் நின்ற அறைக்குத் திரும்ப ஏறிப் போவதுதான் மிச்ச விளையாட்டு.

டிசம்பர் 10
அம்மம்மா பின்னால் நின்றதைக் கவனிக்கவில்லை.
“என்ன மனே, மெழுகுதிரிக்குச் சாட்டையால அடிக்கிறாய்?”
“அடிச்சாத்தான் இதயம் விழும், அம்மம்மா. அது இருந்தாத்தான் சிலுவை எறியலாம்.”
“சிலுவைய எறியிறதா!”
திருச்சிலுவைக் கோயில் உள்ள ஊரில் இதை எப்படி விளங்கப்படுத்துவது? எறிந்து காட்டினேன். சிலுவை சுழன்று போய், எலும்புக்கூட்டை அடித்து, கிறுகிக் கைக்கே வந்தது. குனிந்து பார்த்தவ, “அப்ப பறவாயில்ல” என்றுவிட்டு அடுப்படிக்குப் போனா.

டிசம்பர் 12
விளையாட்டில் மொத்தம் இருபது அட்டைகள். பத்திலொன்றையும் மற்றப் பத்திலொன்றையும் சேர்த்தால் ஒரு வித்தை, சாட்டையே நெருப்பாகும். ஆனால் பேயைக் கொன்றால் எப்போதாவதுதான் அட்டை விழும். ஒரே பேயை இரண்டு மணித்தியாலம் கொன்றேன். ஓடுவதற்கு அமத்தி அமத்திப் பெருவிரலும் நோகுது.

இது வந்த அடுத்த வருடமே இதே வரிசையில் ‘ஹார்மனி ஒஃப் டிஸ்சொனன்ஸ்’ வந்தது. இருட்டு என்ற முறைப்பாட்டுக்குப் பதிலாகப் பளிச்சென்ற நிறங்கள், நாயகனைச் சுற்றி நீலக் கோடு. எல்லாம் தெரிந்தது; இசை மெலிந்தது; பயமும் போயிற்று. எனக்கு முந்தியதுதான்.

டிசம்பர் 13
தண்ணீர் வற்றிவிட்டது. கல்முனையில் நான்கு பற்றரி வாங்கினேன்.
“டோச்சுக்கா தம்பி?” என்று கேட்டார் கடை நானா.
“ஓம் நானா.”
வீட்டுக்கு வந்தால் கரண்ட் வந்திருந்தது. குப்பி விளக்கைத்தான் கொளுத்தினேன்.