ஏழு இரவும் எட்டு மணியும்

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடை கொடுத்து, ஊரை விட்டு வடக்கே வந்து, இரயில்வேயில் தண்டவாளத் தொழிலாளியாகச் சேர்ந்து, பின்னர் இலாகாத் தேர்வெழுதி எழுத்தர் நாற்காலியைப் பிடித்தவர் நாம். ஆதலின், "இனி இரவுப் பணிப்படிக் கணக்கைக் கணிப்பொறியில் எக்ஸெல் விரிதாளில்தான் தர வேண்டும்" என்று மேலதிகாரி கூறியபோது நமக்கு உண்டான திகில் எத்தகையதென்பதை அன்பர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

விரிதாள் என்பது வேறொன்றுமில்லை. கோடு போட்ட பேரேடுதான். ஆனால் ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால், அதைச் சார்ந்த கூட்டுத்தொகைகள் யாவும் தாமே மாறிவிடும். 1979-இல் டான் பிரிக்லின், பாப் பிராங்க்ஸ்டன் என்ற அமெரிக்கர் இருவர் விசிகால்க் என்ற பெயரில் இதனைத் தனிநபர் கணிப்பொறிக்கென முதலில் வெளியிட்டனர். கரும்பலகைக் கணக்கில் ஓர் எண் பிசகினால் அடுத்து வரும் எண்களையெல்லாம் அழித்தெழுத வேண்டியிருந்ததைக் கண்டே பிரிக்லினுக்கு இவ்வெண்ணம் உதித்ததாம். மாதக் கடைசியில் பட்டியலை மூன்று முறை திருப்பி எழுதி விரல் வீங்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை செய்யும் பணியில், மணிக்குப் பத்து நிமிடம் வீதம் கணக்கிட்டுப் படி தருவது இரயில்வே விதி. ஆறிலிருந்து இருபத்திரண்டைக் கழிக்கச் சொன்னோம். கட்டம் முழுதும் வேலித் தட்டி போலக் குறுக்குக் கோடுகள் வந்து நின்றன! பக்கத்து மேசை வங்காளி இளைஞர் சிரித்துக்கொண்டே விளக்கினார். ஒரு முழு நாளை 1 என்றும், ஒரு மணியை அதில் இருபத்து நான்கில் ஒரு பங்கென்றும் கொள்வது பொறியின் வழக்கம். நள்ளிரவைக் கடந்தால் 1 கூட்டிக் கழிக்க வேண்டும். அவ்வாறே செய்தோம்; எட்டு மணி சரியாக வந்தது. பிறகு மொத்தத்தை மட்டும் தனித்தாளில் எடுத்து, தலைப்புக்கு வண்ணமிட்டு அச்சிட்டோம். அதிகாரி பாராட்டினார். அன்று வீட்டிற்கு அரைக் கிலோ ஜிலேபி வாங்கிச் சென்றதையும் மறைப்பானேன்?

மறுமாதம் சம்பளம் வந்த மூன்றாம் நாள், முன்பு நம்மோடு ஒரே குழுவில் தண்டவாளத்தில் நடந்த விழுப்புரத்துப் பெரியவர் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. காலணியைக் கழற்றிவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்தார்.

"தம்பி, பனியிலே ஏழு ராத்திரி நடந்தேன். காகிதத்திலே ஒரு ராத்திரிதான் இருக்குது. நீங்க எழுதினதுன்னு சொன்னாங்க. அதான் சண்டை போடாம வந்தேன்."

நமக்கு முகத்தில் ஈயாடவில்லை. குளிர்கால இரவில் கைவிளக்கோடு தண்டவாளம் பார்த்துச் செல்லும் வேலை எப்படிப்பட்டதென்று இந்த அலுவலகத்தில் நம்மைவிட அறிந்தவர் யார்? தாளை எடுத்துப் பார்த்தோம். அவருக்கு 8:00. நான்கு இரவு உழைத்தவருக்கும் 8:00. மூன்று இரவு, ஆறு இரவு உழைத்தவர்களுக்குச் சுழி! அவர்கள் விடுப்பிலிருந்தார்கள் போலும் என்று எண்ணி நாமே கையெழுத்திட்டிருந்தோம்.

கூட்டலில் பிழையில்லை. கட்டத்தின் உள்ளே 56 மணி பத்திரமாக இருந்தது. ஆனால் அக்கட்டத்திற்கு நாம் தந்திருந்த அமைப்பு கடிகாரத்தின் அமைப்பு. இருபத்து நான்கு ஆனதும் அது மீண்டும் சுழியிலிருந்து தொடங்கும். மணிக்குரிய எழுத்தைச் சதுர அடைப்புக்குள் இட்டிருந்தால் முழுத் தொகையும் தெரிந்திருக்கும். இரண்டே அடைப்புக்குறி! அதனால் 9 மணி 20 நிமிடம் பெற வேண்டியவர் 1 மணி 20 நிமிடம் பெற்றார்.

பிழை நம்முடையதே என்று எழுதிக்கொடுத்தோம். ஏச்சு வாங்கினோம், அதை இங்கு விவரிக்க வேண்டியதில்லை. நிலுவை அடுத்த மாதம் அனைவருக்கும் வந்து சேர்ந்தது.

புதிய பட்டியலை அனுப்புமுன் பெரியவரை உள்ளே அழைத்து, நம் நாற்காலியில் அமர்த்தித் திரையைக் காட்டினோம். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, குறிப்பேட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி தம்பி, இதிலே ஆறுமுகத்தோட கணக்கு எங்கே? அவன் நோட்டு எழுதுறதில்லை."

ஆறுமுகத்தின் வரிசையைத் தேடலானோம்.