கட்டும் மரமும்

கடந்த ஆண்டு மே மாதம், ஒரு சனிக்கிழமை மாலைத் திருப்பலி முடிந்து திருவுடைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். அன்று பலிபீடப் பணி செய்த 16 வயது இளைஞன் வீட்டுக்குப் போகாமல் கதவோரம் தயங்கி நின்றான். "ஃபாதர், நீங்கள் மீனவர் மகன் என்று ஒருமுறை மறையுரையில் சொன்னீர்கள். உங்களிடம் ஓர் ஆலோசனை கேட்கலாமா?" என்றான். இறையழைத்தல் பற்றிய கேள்வியாக இருக்கும் என்று உள்ளம் துள்ள, நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவன் கேட்டது இதுதான்: "350 டாலருக்குள் ஒரு வேக்போர்டு வாங்க முடியுமா?"

நான் பணியாற்றும் பங்கு அமெரிக்க நாட்டின் மினசோட்டா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிறது. அவ்விடத்தில் ஆறு அகன்று, ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளத்துக்குப் பெப்பின் ஏரியாக விரிந்து கிடக்கிறது. குளிர்காலத்தில் உறைந்துவிடும் அந்நீர், கோடை வந்ததும் படகுகளால் நிறைந்துவிடும். விசைப்படகு நீரைக் கிழித்துச் செல்லும்போது அதன் பின்னால் இருபுறமும் விரிந்தெழும் அலைக்கு ஆங்கிலத்தில் 'வேக்' என்று பெயர். அந்த அலையில் ஏறித் தாவுவதற்கான பலகையே வேக்போர்டு. இரு கால்களையும் பலகையோடு பிணைத்துக்கொண்டு, பக்கவாட்டில் நின்றவாறு, படகிலிருந்து நீளும் கயிற்றின் கைப்பிடியைப் பற்றிச் செல்ல வேண்டும். ஆக, பலகை, காற்கட்டு, கயிறு என்னும் மூன்றும் சேர்ந்ததுதான் அவ்விளையாட்டு.

அவனுடைய தாய் மருத்துவமனையில் இரவுப்பணி செய்யும் செவிலி. அவ்வீட்டின் வரவு செலவில் விளையாட்டுக்கு இடம் கிடையாது. அண்டை வீடுகளில் கோடையில் புல் வெட்டியும் குளிரில் பனி அள்ளியும் இரண்டு ஆண்டுகளில் அவன் சேர்த்த பணம் அந்த 350 டாலர். படகு மாமாவுடையது. திட்டத்தையும் அவனே வகுத்து வைத்திருந்தான். தீச்சுடர் போல் வண்ணம் தீட்டிய புதிய பலகை ஒன்றுக்கு 330 டாலர் என்று கடையில் விலை குறித்திருந்தார்கள். அதை வாங்கிவிட வேண்டும். காற்கட்டு, நண்பன் கழித்துப் போட்டது ஒன்று இருக்கிறது. கயிறு, தாத்தாவின் கொட்டகையில் கிடக்கிறது.

மறுநாள் அந்தக் கயிற்றைக் கொண்டுவந்து காட்டினான். கையில் வாங்கி, ஒரு நுனி முதல் மறு நுனி வரை விரல்களுக்கிடையே ஓடவிட்டேன். மஞ்சள் நிறம் வெளுத்திருந்தது. இழைகள் முறிந்து மேலெழுந்து உள்ளங்கையைக் குத்தின. நடுவே இரண்டு முடிச்சுகள். "இந்தக் கயிறு வேண்டாம்" என்றேன். என் குரல் தேவைக்கு மேல் கடுமையாக ஒலித்திருக்க வேண்டும். அவன் திடுக்கிட்டுப் பார்த்தான். காரணத்தை அன்று அவனிடம் சொல்லவில்லை. வாசகர்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் குமரிக் கடற்புறத்தில் உள்ள சிற்றூர். கட்டுமரத்தை நாங்கள் 'மரம்' என்றே சொல்வோம். ஆணி அறையாமல், கயிறு ஒன்றினால் மட்டுமே தடிகளைப் பிணைப்பார்கள். கரை திரும்பியதும் கட்டை அவிழ்த்துத் தடிகளை மணலில் உலரப் போடுவார்கள். நீர் குடித்த தடி கனத்துவிடும் அல்லவா? மறுநாள் விடியுமுன் மீண்டும் கட்டுவார்கள். என் அப்பா ஒரே மரத்தை ஆயிரக்கணக்கான முறை கட்டியவர். முழங்காலைத் தடியில் ஊன்றிக் கயிற்றைச் சுண்டி இறுக்கும்போது அவர் பேசமாட்டார். செபிக்கிறார் என்று சிறுவயதில் நினைத்துக்கொள்வேன்.

1987-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நான் குருமடத்தில் சேர்ந்தேன். தகரப் பெட்டி, இரண்டு வெள்ளைச் சட்டைகள், போர்வை, தட்டு, குவளை என்று ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார்கள். அப்பா ஒன்றும் சொல்லாமல் எல்லாவற்றையும் வாங்கித் தந்தார். ஆடி மாதத்தில் வீட்டிலிருந்து கடிதம் வந்தது. அப்பாவுக்குக் கையில் சிறு காயம், கவலைப்படாமல் படி என்று எழுதியிருந்தார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போனபோது அவருடைய இடக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. வலை இழுக்கும்போது நேர்ந்தது என்றார். பன்னிரண்டு ஆண்டுகள் அதையே நம்பினேன்.

1999-இல் எனக்குக் குருப்பட்டம். திருப்பலியின் முடிவில் மக்கள் வரிசையாக வந்து, எண்ணெய் பூசப்பெற்ற என் உள்ளங்கைகளை முத்தி செய்தார்கள். அப்பா தம் மூன்று விரற்கையால் என் கைகளை ஏந்தி முத்தி செய்தார். அன்றிரவுதான் அம்மா சொன்னார்: "சாமி, இனி நீங்கள் தெரிந்துகொள்ளலாம். அந்த ஆண்டு ஆனி ஆடிக்கு முன் புதுக் கட்டுக்கயிறு வாங்க வைத்திருந்த பணம், உங்கள் பெட்டிக்கும் சட்டைக்கும் போயிற்று."

முடிச்சுப் போட்டுத் தாங்கிய பழைய கயிற்றோடு அப்பா கடலுக்குப் போயிருக்கிறார். அலை முறியும் இடத்தைக் கடக்கும்போது முன்கட்டு அறுந்தது. விலகிய தடிகள் அடுத்த அலையில் மோதிச் சேர்ந்தபோது நடுவில் அவர் கை இருந்தது. பக்கத்து மரத்தார் அவரைத் தூக்கி வந்தார்கள். முடிச்சு விழுந்த கயிறு தன் வலிமையில் பாதியைக்கூட இழந்துவிடலாம் என்று நான் நூல்களில் படித்து அறிந்தேன். அப்பாவுக்கு அது நூலில்லாமலே தெரியும். தெரிந்தேதான் போனார்.

எனக்கோ வேக்போர்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. இரண்டு வாரங்கள் கடைக்காரர்களிடமும் ஏரிக்கரையில் பழகியவர்களிடமும் கேட்டேன், படித்தேன். விவிலியத்தில் கோபுரம் கட்டப் புறப்பட்டவன் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதுபோல், நானும் அவனும் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

பலகையை உயரத்தைக் கொண்டு தேர்வதில்லை; உடல் எடையைக் கொண்டு தேர்கிறார்கள். 68 கிலோ எடையுள்ள அவனுக்கு ஏறத்தாழ 135 முதல் 139 சென்டிமீட்டர் வரை நீளமுள்ள பலகை ஏற்றது. நீளம் கூடினால் எளிதில் நீரிலிருந்து எழலாம். தாவி இறங்குவதும் மென்மையாக இருக்கும். குறைந்தால் சுழல்வது எளிது. ஆனால் அது தேர்ந்தவர்களுக்கு. பலகையின் அடிவளைவிலும் இரு வகை உண்டு. நுனி முதல் நுனி வரை ஒரே சீராக வளைந்தது ஒன்று. நடுவில் தட்டையாகி இரு முனைகளிலும் திடீரென நிமிர்வது மற்றொன்று. முன்னது விரைந்து வழுக்கும்; எப்படித் திரும்பும் என்பதை எதிர்பார்க்கலாம். பின்னது உயரத் தூக்கி எறியும். ஆனால் வேகத்தைக் குறைக்கும். கற்பவனுக்கு முன்னதே போதும். அவன் மனம் பறிகொடுத்த தீச்சுடர்ப் பலகையோ, படகுக்கு உரியதே அன்று. மேலே கட்டிய கம்பிவடத்தால் இழுக்கப்படும் பூங்காக்களுக்காகச் செய்த, வளைந்துகொடுக்கும் பலகை அது.

நல்ல பலகை பழையதாகவே கிடைக்கும் என்று தெரிந்தது. பக்கத்து ஊரில் ஒருவர் விற்பதாகக் கேள்விப்பட்டு, என் வண்டியிலேயே போனோம். திருகாணித் துளைகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா, ஓரங்கள் பிளந்திருக்கின்றனவா, உள்ளே நீர் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் விரல் முட்டியால் பலகை முழுவதும் தட்டிக் கேட்டேன். தடி நீர் குடித்திருக்கிறதா என்று அப்பா தட்டிப் பார்ப்பது அப்படித்தான். கீறல்கள் இருந்தன, ஒலி சீராக இருந்தது. 120 டாலருக்குத் தந்தார்.

காற்கட்டில்தான் அதிக நேரம் செலவிட்டோம். பனிச்சறுக்குக் கட்டையின் கட்டு, விழும்போது தானே விடுபடும் பொறியுடையது. வேக்போர்டின் காற்கட்டில் பொதுவாக அத்தகைய பொறி இல்லை. குதிகால் மேலே எழாதவாறு இறுக்கமாக இருக்க வேண்டும். ஆனால் கடுமையாக விழுந்தால் கால் வெளியே வந்துவிடவும் வேண்டும். ஒரு கால் மட்டும் கழன்று மறுகால் சிக்கிக்கொண்டால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். நண்பன் தந்தது அவன் காலுக்கு இரண்டு அளவு பெரிது. விரல்புறம் திறந்த வகை, வளரும் காலுக்கும் இடம் கொடுக்கும்; தம்பியும் பயன்படுத்தலாம். சிலர் பயன்படுத்திய ஒன்று 90 டாலருக்குக் கிடைத்தது. சில காற்கட்டுகள் குறிப்பிட்ட பலகைகளில் மட்டுமே பொருந்துமாதலால், பலகையைக் கையோடு கொண்டுபோய்த் துளைகளோடு பொருத்திப் பார்த்தே வாங்கினோம்.

கயிறு புதிதாகத்தான் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. தாத்தாவின் கயிறு பாலிபுரோப்பிலீன் இழையால் ஆனது. வெயிலில் கிடந்தால் வலுவிழக்கும், இழுத்தால் நீளும். நீண்ட கயிறு அறுந்தாலோ கைப்பிடி நழுவினாலோ, சேர்த்து வைத்த விசையெல்லாம் திரும்பிப் படகில் இருப்பவர்மீது பாயும். வேக்போர்டுக்கு நீளாத கயிறு வேண்டும். அதிலும் விலை உயர்ந்த டைனீமா இழை தேவையில்லை. கற்பவனுக்குச் சாதாரண பாலிஎத்திலீன் கலப்புக் கயிறே போதும். தேர்ந்தவர்கள் 20 மீட்டருக்கும் மேல் நீளம் வைப்பார்கள். தொடக்கத்தில் 15 முதல் 18 மீட்டர் போதும். துண்டு துண்டாக இணைக்கும் கயிற்றை வாங்கினால், திறமை வளர வளர நீளமும் வளரும். கைப்பிடியோடு 80 டாலர் ஆயிற்று. எஞ்சிய 60 டாலருக்கு, அவன் பட்டியலில் இல்லவே இல்லாத நான்காவது பொருளை வாங்கினோம்: மிதவைச் சட்டை.

இந்த ஏரிக்கு ஒரு வரலாறு உண்டு. 1922-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள், லேக் சிட்டி என்னும் சிற்றூரைச் சேர்ந்த 18 வயது ரால்ஃப் சாமுவேல்சன் இந்த நீரின்மீதுதான் முதன்முதலில் சறுக்கிக் காட்டினார். முதலில் பீப்பாய்ப் பலகைகளை முயன்று தோற்றார். பனிச்சறுக்குக் கட்டைகளை முயன்று தோற்றார். பிறகு 8 அடி நீளப் பைன் பலகைகள் இரண்டை ஏறத்தாழ இரண்டு டாலருக்கு வாங்கி, தாயின் செம்புப் பாத்திரத்தில் நுனியை வேகவைத்து வளைத்தார். தோல் வாரே காற்கட்டு. சன்னல் எடைகளைத் தொங்கவிடும் கயிறு 100 அடி. கொல்லர் செய்துகொடுத்த இரும்பு வளையமே கைப்பிடி. காப்புரிமையை அவர் நினைத்தும் பார்க்கவில்லை. 1925-இல் வேறொருவர் பெற்றுக்கொண்டார். சாமுவேல்சனே முதல்வர் என்பதை அமெரிக்க நீர்ச்சறுக்குச் சங்கம் 1966-இல்தான் ஏற்றது.

வேக்போர்டின் கதையும் இதைப் போன்றதே. 1980-களில் படகின் பின்னால் சிறிய அலைப்பலகைகளில் நின்று சென்றவர்களுக்கு முதலில் கால்வார் கிடையாது; வளைந்து வளைந்து ஓடலாம், அவ்வளவுதான். 1985-இல் பலகையில் துளையிட்டுக் கால்வார் பொருத்திய பிறகே மனிதன் பலகையோடு காற்றில் எழுந்தான். கட்டு வந்த பிறகே பறக்க முடிந்தது.

இதை அவனிடம் சொன்னபோது, இரட்டை உடல் கொண்ட பாய்ப்படகுக்கு அவர்கள் வழங்கும் 'கேட்டமரன்' என்ற பெயர் என் அப்பாவின் மொழியிலிருந்து போனது என்பதையும் சொன்னேன். அப்பெயரில் கட்டு முன்னே நிற்கிறது. மரம் பின்னேதான் வருகிறது. பெயரிட்ட முன்னோர் அறியாமலா அவ்வாறு வைத்தார்கள்?

கையில் பணம் குறையும்போது, கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் நாம் கைவைக்கிறோம். பலகையின் வண்ணத்தை ஊர் பார்க்கும். கயிற்றின் முறிந்த இழையை யார் பார்ப்பார்? நம் பங்குகளிலும் திருவிழாவின் ஒளிவிளக்குக்கும் வாணவேடிக்கைக்கும் வரி பிரிக்கிறோம். கோயில்பிள்ளையின் ஊதியத்தைப் பேசும்போதுதான் சிக்கனம் நினைவுக்கு வருகிறது. எடையைத் தாங்குவது எதுவோ, அதையே கடைசியில் எழுதுகிறோம்.

ஆனால் இந்த நீதியை என் அப்பாவின்மீது வைத்துப் பார்க்க என்னால் இயலவில்லை. மாற்கு நற்செய்தியில் யாக்கோபும் யோவானும் படகில் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது அழைக்கப்படுகிறார்கள். மகன்கள் எழுந்து போகிறார்கள். பழுதுபார்த்து முடியாத வலையோடு செபதேயு படகிலேயே இருக்கிறார். அவருக்காவது கூலியாட்கள் இருந்தார்கள். என் அழைத்தலின் விலையைச் செலுத்தியவர், அதை என் கணக்கில் எழுதவே இல்லை. ஒவ்வொரு முறை அப்பத்தை உயர்த்தும்போதும் என் பத்து விரல்களையும் நான் பார்க்கிறேன்.

ஜூலை மாதம் ஒரு ஞாயிறு பிற்பகல் அவனுடைய மாமா படகை ஓட்டினார். பின்னோக்கி அமர்ந்து அவனைக் கவனிக்கும் பொறுப்பு எனக்கு. ஆறு முறை விழுந்தான். ஏழாம் முறை முழங்காலை மடக்கி, கைகளை நீட்டி, படகு தன்னை இழுக்க விட்டுக்கொடுத்தான். நீர் அவனை மேலே தூக்கியது. மாமா உரக்கக் கூவினார். நான் அவனைப் பார்க்கவில்லை. எங்களுக்கிடையே விறைத்து நின்ற கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரை திரும்பியதும் அவன் பலகையைத் துடைக்கப் போனான். நான் கயிற்றை நல்ல நீரில் அலசி, விரல்களுக்கிடையே ஓடவிட்டுப் பார்த்து, வளையமாகச் சுருட்டி நிழலில் தொங்கவிட்டேன். "ஒவ்வொரு முறையும் இப்படிச் செய்ய வேண்டுமா, ஃபாதர்?" என்று கேட்டான். அப்போதுதான் அப்பாவின் கதையைச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து எழுந்து போய், நான் தொங்கவிட்ட கயிற்றை எடுத்து, முதலிலிருந்து ஒருமுறை தன் விரல்களுக்கிடையே மெதுவாக ஓடவிட்டான்.