நாற்காலி ஒத்திகை

செவ்வாய், இரவு

அமெரிக்க வரலாற்றுத் தாளில் கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டத்துக்குக் கிடைப்பது ஒரே ஒரு மணி நேரம். ரோசா பார்க்ஸ், மார்ட்டின் லூதர் கிங், 1964 சட்டம் என்று ஓடினால் மணி அடித்துவிடும். இன்று அந்த ஓட்டத்தை நிறுத்திவிட்டு டயான் நாஷைப் பற்றிப் பேசினேன். 1938இல் சிகாகோவில் பிறந்தவர். நாஷ்வில் நகரத்து ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்த பிறகுதான், கண்காட்சிக்குப் போன இடத்தில், கறுப்பினப் பெண்களுக்கென்று தனியாகக் கழிப்பறைப் பலகை மாட்டியிருப்பதைப் பார்த்தார். அந்த ஊர்க் கடைகளில் கறுப்பர்கள் காசு கொடுத்துத் துணி எடுக்கலாம். அதே கடையின் சாப்பாட்டுக் கவுன்டரில் உட்காரக் கூடாது.

“டீக்கடையில தனி கிளாஸ் மாதிரி, மிஸ்” என்றது கடைசி பெஞ்சு. அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. நாஷும் மற்ற மாணவர்களும் அந்தக் கவுன்டரில் போய் உட்கார்ந்ததைச் சொல்லி முடித்தேன்.

வகுப்பு முடிந்ததும் திண்டிவனம் பக்கத்திலிருந்து ரயிலில் வரும் அந்தப் பெண் மட்டும் நின்றாள். இருளர் பழங்குடி வீட்டுப் பிள்ளை. “போய் உக்கார்றதுக்கு முன்னாடி என்ன மிஸ் செஞ்சாங்க?” என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் ஒரு மாணவரும் என்னிடம் கேட்காத கேள்வி.

புதன்

பதிலைத் தேடி எடுத்துக்கொண்டு போனேன். உட்காருவதற்கு முன் அவர்கள் பல மாதம் ஒத்திகை பார்த்தார்கள். சொல்லிக்கொடுத்தவர் ஜேம்ஸ் லாசன். 1953 முதல் 1956 வரை நம் நாக்பூரில் கல்லூரி ஒன்றில் வேலை பார்த்தவர், காந்தியின் வழியைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவர். நாஷ்வில் தேவாலயம் ஒன்றில் மாணவர்களைச் சேர்த்து, பாதிப் பேரை வெள்ளைக்காரர்களாக நடிக்கச் சொல்வார். அவர்கள் வைவார்கள், தள்ளுவார்கள். மீதிப் பேர் திருப்பி அடிக்காமல், கவுன்டரைப் பார்த்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கப் பழகவேண்டும். 1960 பிப்ரவரி 13 அன்று கடைக்குள் போனபோது கையில் பாடப் புத்தகமும் கொண்டுபோனார்கள். மே 10 அன்று ஆறு கடைகள் கவுன்டரைத் திறந்துவிட்டன.

இடையில் ஏப்ரல் 19 அன்று அவர்களுடைய வழக்கறிஞர் வீட்டில் குண்டு வெடித்தது. ஆயிரக்கணக்கானோர் நகர மன்றத்துக்கு நடந்தார்கள். அங்கே டயான் நாஷ் மேயரிடம், நிறம் பார்த்து ஒருவரை ஒதுக்குவது தவறென்று நீங்கள் நினைக்கிறீர்களா என்று நேருக்கு நேர் கேட்டார். மேயர் ஆமாம் என்று சொல்லிவிட்டார். அப்போது நாஷுக்கு 21 வயது. போராட்டம் இருக்கும் நாட்களில் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே உள்ளங்கை வியர்த்துக் கொட்டும் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

நம் பழைய தென்னார்க்காட்டிலும் இப்படி ஒன்று உண்டு. பள்ளியில் தலித் பிள்ளைகளுக்கென்று தனியாக வைத்த தண்ணீர்ப் பானையை உடைத்த மாணவர் எல். இளையபெருமாள். தீண்டாமை பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த குழுவுக்கு அவரே பிற்காலத்தில் தலைவரானார். என் மாணவி இதைக் கேட்டுக்கொண்டாள், ஆனால் அவள் மனம் ஒத்திகையிலேயே நின்றது. “ஞாயித்துக்கிழமை எங்க தெருவுக்கு வர்றீங்களா, மிஸ்?”

வெள்ளி

விழுப்புரம் கடைத்தெரு வழியாக நடந்து வந்தேன். 1978 ஜூலையில் இந்த ஊரில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். நேற்று வகுப்பில் கேட்டேன், இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது. அந்த இரண்டு பேருக்கும் சொன்னது அவர்கள் ஆயா. நாஷ்வில் தெருக்களை வரைபடம் போட்டு நடத்துகிற நான், நடந்து போகும் தூரத்தில் இருக்கிற இதை நடத்தியதில்லை. பாடத்திட்டத்தில் இல்லை என்பது சாக்கு.

ஞாயிறு

பாசஞ்சரில் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் தாண்டித் திண்டிவனம். அங்கிருந்து ஷேர் ஆட்டோ.

தெருவில் ஏழு பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் இல்லை. பட்டியல் பழங்குடிச் சான்றிதழ் தாசில்தார் தருவதில்லை, கோட்டாட்சியர் தரவேண்டும். அது இல்லாவிட்டால் உதவித்தொகையும் இல்லை, ஒதுக்கீடும் இல்லை. அப்பா அம்மாவிடம் சான்றிதழ் இருந்தால் எளிது. ஆனால் செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் ஊர் ஊராய்ப் போன குடும்பங்களில் பெரியவர்களிடம் ரேஷன் கார்டு இருப்பதே பெரிது. தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த நிலையில் உள்ளவை என்று அரசே கணக்கெடுத்து வைத்திருக்கும் ஆறு பழங்குடிகளில் இருளரும் ஒன்று. ஆனாலும் ஒவ்வொரு பிள்ளையும் தான் இருளர் என்று நிரூபிக்கவேண்டும். திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் இத்தனை வருடமாகப் போராடுவதில் பெரும்பங்கு இந்தக் காகிதத்துக்காகத்தான்.

என் மாணவிக்குச் சான்றிதழ் கிடைக்க நான்கு வருடம் ஆனது. ஓர் அலுவலகத்தில், “இருளர்னா பாம்பு பிடிச்சுக் காட்டு” என்றிருக்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அனுமதியில்லாமல் பாம்பு பிடித்தால் வழக்கு. தெரியும் என்றால் குற்றவாளி, தெரியாது என்றால் இருளர் இல்லை.

நாளை ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுப்பதற்கு வாசலில் ஒத்திகை. என் மூக்குக் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு அவளே அதிகாரி ஆனாள். எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பிளஸ் டூ படிக்கும் தம்பி வந்து டக்கென்று உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். பாம்புக் கேள்விக்கு, “எங்க தாத்தா பிடிச்சாரு சார், நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் சார்” என்றான். தெருவே சிரித்தது.

அடுத்தது பக்கத்து வீட்டு அக்கா, இரண்டு பெண் பிள்ளைகளின் அம்மா. கேள்விகளுக்கு நன்றாகவே பதில் சொன்னார், ஆனால் நின்றபடி. ஒரு கை முந்தானை நுனியில், முதுகு லேசாக வளைந்து.

“உக்காருக்கா.”

“இல்லம்மா, பரவால்ல.”

“சேர் காலியாத்தான இருக்கு, உக்காரு.”

உட்கார்ந்தார். அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “ம்?” என்றதும் எழுந்துவிட்டார். மறுபடி உட்கார வைத்தோம், மறுபடி “ம்?”, மறுபடி எழுந்தார். ஐந்தாவது முறையில் கால் உதறினாலும் எழவில்லை. ஆறாவது முறை அவரே நாற்காலியை இழுத்து மேசைக்கு அருகில் போட்டுக்கொண்டார். மேசை என்பது கவிழ்த்து வைத்த தண்ணீர் டிரம்.

திரும்பும்போது அவள் சொன்னாள்: “பேச்சு எல்லாருக்கும் வந்துடும் மிஸ். இதுதான் வராது.”

திங்கள்

கல்லூரிக்கு விடுப்பு சொல்லிவிட்டு விழுப்புரம் ஆட்சியர் அலுவலகம் போனேன். மக்கள் குறைதீர்க்கும் நாள், வரிசை வாசல்வரை வந்துவிட்டது. ஏழு குடும்பம், ஏழு பிளாஸ்டிக் கவர். ஒவ்வொன்றிலும் மனு, ஆதார் நகல், பள்ளிச் சான்று, உறவினர் ஒருவரின் சான்றிதழ் நகல். மேலே என் மாணவியின் கையெழுத்தில் வரிசை எண். மனு எழுதித் தருகிற பெரியவர் ஒருவர் அந்தக் கவர்களைப் பார்த்துவிட்டு, “எந்த வக்கீல் ரெடி பண்ணது?” என்று கேட்டார்.

அக்காவின் முறை வந்தது. உள்ளே நாற்காலி போட்டிருந்தார்கள். நான் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கணம் நின்றார், திரும்பி அவளைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எழுந்து வந்தபோது கவரின்மேல் ஐந்து விரலும் ஈரமாகப் பதிந்திருந்தது.

ஏழு ஒப்புகைச் சீட்டு கிடைத்தது. எதிர் கடையில் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்தோம். டீ குடிக்கும்போது அவள் சரிபார்த்தாள், நான்காவது சீட்டில் ஊர்ப் பெயர் தப்பாக அடித்திருந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு மறுபடி உள்ளே போனாள். அக்கா, “இரு, நானும் வரேன்” என்று பின்னாலேயே எழுந்து நடந்தார்.