பந்தியும் முடியும்

ஆங்கிலேயரின் உணவை எள்ளி நகையாடுதல் நம்மவர்க்கு எளிதினும் எளிது. காரமில்லை, புளியில்லை; அவித்த முட்டைக்கோசும் அவித்த உருளைக்கிழங்குமே கறியென்று வந்து நிற்கும் என்பர். பெயர்களோ இன்னும் வேடிக்கையானவை. 'பொந்தில் தேரை' என்று பொருள்படும் பெயருடைய பண்டம் ஒன்று அவர்களிடம் உண்டு. அதில் தேரையுமில்லை, பொந்துமில்லை. மாவுக் கரைசலில் இறைச்சிக் குழல்களை இட்டுச் சுட்டெடுப்பதே அது. 'வேல்ஸ் முயல்' என்பதிலும் முயலைத் தேடினால் அகப்படாது; வாட்டிய ரொட்டியின்மேல் உருக்கி வார்த்த பாலாடைக்கட்டியே அகப்படும். நாவினால் மட்டும் ஒரு நாட்டை அளப்பதாயின், நம் வழக்கை இவ்வளவில் முடித்துத் தீர்ப்பும் கூறிவிடலாம்.

ஆயினும், ஒரு குடும்பத்தின் தகுதியை அறிய விரும்புவோன் சட்டியில் வெந்தது யாது என்று மட்டும் நோக்குவதில்லை. பந்தியில் எவ்வாறு பரிமாறினர் என்பதையும் நோக்குவான். பந்திவஞ்சனை செய்த வீட்டின் பாயசம் எவ்வளவு இனித்தாலும், அவ்வீட்டாரை நம்மவர் புகழ்வதில்லை. யான் பிரிட்டன் நாட்டைக் கண்ணாற் கண்டவன் அல்லேன். நூல்களின் வாயிலாகவே அறிந்தவன். எனினும், பந்திவஞ்சனை என்னும் நம் வீட்டு அளவுகோலைக் கொண்டே அம்மக்களின் உணவையும் முடியரசையும் அன்றாட வாழ்வையும் அளந்து பார்க்கத் துணிந்தேன்.

முதற்கண் அவர்கள் பெருமையைக் கூறுவேன். 1939-இல் இரண்டாம் உலகப்போர் மூண்டபோது, உண்ணும் பொருளிற் பெரும்பகுதியைக் கடல்வழியே வருவித்து வாழ்ந்த அத்தீவுக்கு நெருக்கடி நேர்ந்தது. பகைவரின் நீர்மூழ்கிக் கப்பல்கள் சரக்குக் கப்பல்களை ஆழ்த்தலாயின. 1940 ஜனவரி 8-ஆம் நாள் உணவுப் பங்கீடு தொடங்கிற்று. முதலில் உப்பிட்ட பன்றியிறைச்சியும் வெண்ணெயும் சர்க்கரையும் அளவுக்குட்பட்டன. அவ்வாண்டு ஜூலையில், அவர்தம் உயிரனைய தேயிலையும் ஆளொன்றுக்கு வாரம் 2 அவுன்ஸ் என்று சுருங்கிற்று. செல்வரும் வறியரும் தத்தம் பங்கீட்டுப் புத்தகத்தை ஏந்திக் கடைவாயிலில் வரிசையில் நின்றனர். கருவுற்ற தாய்மார்க்கும் இளங்குழந்தைகட்கும் பச்சை நிறப் புத்தகம் தனியே வழங்கப்பெற்றது. பாலில் அவர்க்கு முதலுரிமை இருந்தது. பொருளுடையோர் உணவுவிடுதிகளிற் புகுந்து வேண்டியவாறு உண்கின்றனர் என்னும் முறையீடு எழவே, 1942-இல் விடுதி உணவொன்றின் விலை 5 ஷில்லிங்குக்கு மேற்படலாகாது என்று விதித்தனர். கள்ளச்சந்தையும் இருக்கத்தான் செய்தது. எனினும் பெரும்பாலோர் முறையை மதித்தே வாழ்ந்தனர். போரில் வென்ற பின்னரும் பங்கீடு நீங்கவில்லை. போர்க்காலத்தில் அளவின்றிக் கிடைத்த ரொட்டிக்குங்கூட 1946 முதல் 1948 வரை பங்கீடு இருந்தது. 1954 ஜூலை 4-ஆம் நாள் இறைச்சிக் கட்டுப்பாடு நீங்கியதோடுதான் அப்பதினான்காண்டுப் பந்தி முடிவுற்றது.

அப்பந்தியில் அரசரும் அமர்ந்தார் என்பதே அம்முடியின்மேல் மக்கள் கொண்ட அன்புக்குத் தலையாய காரணம் என்பது என் கருத்து. 1940 செப்டெம்பர் 13-ஆம் நாள் பக்கிங்காம் அரண்மனைமேற் குண்டுகள் விழுந்தபோது அரசரும் அரசியாரும் அங்கேயே இருந்தனர். 1942-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் துணைவியார் எலினார் ரூஸ்வெல்ட் அவ்வரண்மனையில் விருந்தினராகத் தங்கினார். ஏனையோர்க்குள்ள விதிக்குட்பட்ட உணவே அவர்க்கும் படைக்கப்பட்டது. ஆனால் அது பொன்னும் வெள்ளியுமான தட்டுகளில் வந்தது! 1947-இல் எலிஸபெத் இளவரசியின் திருமணத்தின்போது, மணவாடைக்கெனத் தங்கள் துணிப்பங்கீட்டுச் சீட்டுகளை அனுப்பிய பெண்கள் பலர். ஒருவர் சீட்டைப் பிறர் பயன்படுத்தல் சட்டத்துக்கு மாறாதலின் அவை திருப்பியனுப்பப்பட்டன. அளித்தவர் அன்பும் மறுத்தவர் நேர்மையும் ஒருங்கே போற்றத்தக்கன.

எனினும் அப்பொற்றட்டு என் உள்ளத்தை உறுத்துகின்றது. தட்டில் உள்ளது ஒன்றேயாயினும் தட்டு ஒன்றன்று. பங்கீடு 1954-இல் ஒழிந்தது; பொற்றட்டு இன்றும் உளது. ஆங்கிலேயர் 1649-இல் தம் அரசரையே சிரச்சேதம் செய்து, பதினோராண்டு முடியின்றி வாழ்ந்து பார்த்து, 1660-இல் மீண்டும் முடியை வேண்டி அழைத்துக்கொண்டவர். அரசர்க்கு ஆரவாரமும் அமைச்சர்க்கு அதிகாரமும் எனப் பகுத்து வைத்தமையால், அதிகாரமுடையவனை வணங்கும் இழிவு தமக்கில்லை என்று அவருட் சிலர் கூறுவர். அவ்வாதத்தில் நுட்பம் உண்டு. ஆனால், பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பித்தலை நம் ஊர்த்தெருவிற் கண்டு சினக்கின்ற நாம், அதுவே கடல்கடந்து தங்கத்தேரில் ஊர்ந்து வரும்போது கைதட்டி வியத்தல் எங்ஙனம்? தொட்டிலிலேயே பந்தியின் தலைவாழை இலை ஒருவர்க்கு ஒதுக்கப்படுமாயின், அதுவும் பந்திவஞ்சனையே அன்றோ?

2022 செப்டெம்பரில் இரண்டாம் எலிஸபெத் அரசியார் மறைந்தபோது, அவர் உடலுக்கு இறுதி வணக்கம் செலுத்த ஏறத்தாழ 2,50,000 மக்கள் தேம்ஸ் ஆற்றங்கரையில் பல மைல் நீண்ட வரிசையில் நின்று சென்றனர். புகழ்வாய்ந்த கால்பந்து வீரர் டேவிட் பெக்காம் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் அவ்வரிசையில் நின்றார். நாடாளுமன்ற உறுப்பினர்க்கோ வரிசையில் நில்லாது புகும் உரிமை இருந்தது. அதனைக் குறைகூறினோர் பலர். 2023 மே 6-ஆம் நாள் மூன்றாம் சார்லஸ் முடிசூடியபோது, முடியரசு வேண்டாவென முழங்க வந்தோருட் சிலர் கைது செய்யப்பட்டனர். அந்நாட்டின் சிறப்பு யாது என என்னை வினவின், முடியை அன்று, வரிசையையே சுட்டுவேன்.

இனி, மறைத்தலாகாத ஒன்றைக் கூறவேண்டும். அப்பந்தியின் நீதி கடற்கரையோடு நின்றுவிட்டது. நம் மிளகுத்தண்ணீர் 'முல்லிகட்டானி' என்னும் பெயரோடு அவர்கள் மேசையேறிற்று. 1953 முடிசூட்டு விருந்துக்கென அமைத்த கோழியுணவிற் கறிப்பொடி சேர்ந்தது. 2001-இல் அவர்தம் வெளிநாட்டமைச்சர் ராபின் குக், கோழி டிக்கா மசாலாவே பிரிட்டனின் உண்மையான தேசிய உணவு என்று பேசினார். நம் சுவைக்குக் கிடைத்த இருக்கை நம் பசிக்குக் கிடைத்ததோ? 1943-இல், இலண்டன் நகரத்துக் குழந்தைக்குப் பால் அளந்து ஊற்றிய அதே முடியின் கீழ், வங்கத்தில் இருபது முப்பது இலட்சம் மக்கள் பஞ்சத்தாலும் அதனைத் தொடர்ந்த நோயாலும் மடிந்தனர் என மதிப்பிடுகின்றனர். அங்கே அனைவர்க்கும் ஒரே அளவு. இங்கே தெருவோரத்துப் பிணங்கள். அரசர் ஒருவரே, பந்திகள் இரண்டு.

அவர்தம் தேநீர்க் கிண்ணமும் இதற்குச் சான்று பகரும். 1662-இல் இரண்டாம் சார்லஸ் மன்னரை மணந்த போர்ச்சுக்கல் இளவரசி காத்தரீன், பம்பாயைச் சீதனமாகவும் தேநீர்ப் பழக்கத்தைத் தம்மோடும் கொணர்ந்தார். அரசவையிற் பரவிய அது பின்னர்க் குடிசைக்கும் இறங்கிற்று. அதில் இட்ட சர்க்கரையோ மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் விளைத்தது. 1867-இல் ஜேம்ஸ் டெயிலர் இலங்கையில் தேயிலைத் தோட்டமிட்டார். அதன்பின் பெருகிய தோட்டங்களில் கொழுந்து பறித்த கைகள் நம் தமிழ்மக்களின் கைகளே. இலங்கை விடுதலையுற்ற 1948-இலேயே அம்மக்களிற் பெரும்பாலோர் குடியுரிமை இழந்து நின்றனர். பல இலட்சம் கிண்ணங்களை நிரப்பியவர்க்கு நிற்க ஓர் அடி நிலமும் தமதென இல்லாது போயிற்று.

இதனால் அம்மக்களை வெறுத்தல் வேண்டுமோ எனின், வேண்டா. அவர்கள் குற்றத்தை முதலிற் கண்டவருள் அவர்களும் உண்டு. 1791-இல், அடிமைகள் விளைத்த சர்க்கரையை உண்ணோம் என இலட்சக்கணக்கானோர் அந்நாட்டில் உறுதிபூண்டனர். அவருள் இல்லத்தரசியர் பலர். அவர்க்கு அக்காலத்தில் வாக்குரிமை இல்லை. ஆனால் கிண்ணம் அவர் கையில் இருந்தது. 1833-இல் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியபோது உடைமைக்காரர்க்கு 2 கோடி பவுன் ஈடு கிடைத்தது, அடிமைகட்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும். அண்மையில், 2020-இல், வறிய மாணவர்க்குக் கோடை விடுமுறையிலும் உணவுதவி வேண்டுமென மார்க்கஸ் ராஷ்போர்டு என்னும் இளங்கால்பந்து வீரர் வேண்டினார். மறுத்த அரசாங்கம் பின்னர் இசைந்தது.

கொரிந்து நகரத்துச் சபையார் கர்த்தருடைய இராப்போஜனத்துக்குக் கூடியபோது, உள்ளவர் முந்தியுண்டு நிறைய, இல்லாதவர் பசித்திருந்தனர். பவுல் அப்போஸ்தலர் அவரைக் கடிந்தெழுதியது யாவரும் அறிந்ததே. உணவின் சுவையைப் பற்றி அவர் ஒன்றும் கூறவில்லை. பரிமாறிய முறையைப் பற்றியே கூறினார். பிரிட்டனை அளக்கவும் அதனினும் நல்ல அளவுகோலை யான் அறியேன்.

ஆதலின் நண்பர்காள், அவர்தம் முட்டைக்கோசைப் பார்த்து நகைப்பதாயின் நகையுங்கள். அதனால் அவர்க்கும் குறைவில்லை, முட்டைக்கோசுக்கும் குறைவில்லை. அவர்தம் முடியை மட்டும் வியவாதீர்கள். நாம் கற்றுக்கொள்ளத்தக்கது அச்சிறு பங்கீட்டுப் புத்தகமே. அதை இங்கிலாந்தின் தெருக்களோடு நிறுத்திவிட்டமை அவர்கள் குறை. நம் தெருக்களில் அது நுழையவும் இல்லையாயின், அது நம் குறையாகும்.